இரைப்பையில் அரிய பாலிப்: விட்டுவைப்பதா, வெட்டி எடுப்பதா?

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘இரைப்பையில் பாலிப்’ என்று பார்த்த மாத்திரத்தில் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். இன்றே எடுத்துவிட வேண்டும் என்பார் ஒருவர். வலியே இல்லாததை ஏன் தொட வேண்டும் என்பார் இன்னொருவர். என் அக்காவுக்கு அப்படி ஓர் அறிக்கை வந்தபோது நான் முதல் பக்கம் நின்றேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அதற்குப் பின் ஒன்றரை ஆண்டு, அவருடன் ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய், ஒவ்வொரு அறிக்கையையும் மருத்துவர்களிடம் வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டேன். இப்போது யாராவது ‘எடுக்கலாமா, விடலாமா’ என்று என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பாலிப்பைச் சுற்றியுள்ள சுவரிலிருந்தும் திசு எடுத்துப் பார்த்தார்களா?

அக்காவுக்கு முதல் முறை அப்படி எடுக்கவில்லை. பாலிப்பிலிருந்து மட்டும் இரண்டு துணுக்குகள் கிள்ளினார்கள். விடை பாதிதான் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடியும் குழாயை விழுங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை.

இரைப்பையின் உட்சுவரில் மேடாகத் துருத்தி நிற்கும் எதையும் முதலில் பாலிப் என்றே எழுதுவார்கள். அது வடிவத்தின் பெயர், நோயின் பெயர் அன்று. பெரும்பாலானவை இரண்டு வகைகளில் அடங்கிவிடும். ஒன்று, நீண்டகால அழற்சியில் வளரும் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். மற்றொன்று, இரைப்பையின் மேற்பகுதியில் சிறு சிறு கண்ணாடி மணிகள் போலத் தோன்றும் ஃபண்டிக் சுரப்பி பாலிப். மூன்றாவதாக, புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா. இவற்றைக் கழித்தால் மீதம் இருப்பவை அரியவை: நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் தொடர்பான செல்களில் எழுவது), அழற்சி நார்த்திசு பாலிப், பைலோரிக் சுரப்பி அடினோமா, பரம்பரை நோய்களில் வரும் ஹமார்டோமா பாலிப்கள் (இயல்பான திசுவே ஒழுங்கற்று வளர்ந்தவை), குரோன்கைட்–கனடா நோயில் வருபவை. குழாயின் கேமராவில் இவற்றில் பல ஒன்றுபோலவே தெரியும். சிகிச்சையோ ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்கூடப் போகும்.

பிறப்பில் இருக்கிறது வேறுபாடு

தோலில் ஆறாத புண்ணின் மேல் கூடுதலாகச் சதை வளர்வதைப் பார்த்திருப்போம். ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் ஏறக்குறைய அப்படித்தான். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியோ, உடலின் எதிர்ப்பாற்றல் தன் செல்களையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயோ இரைப்பையின் உட்படலமான சளிச்சவ்வை விடாமல் அரிக்கும்போது, அதைச் சரிசெய்ய முயலும் செல்கள் அளவு தெரியாமல் பெருகிவிடுகின்றன. ஹமார்டோமா பாலிப்களின் கதை வேறு. அங்கே பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாகியிருக்கும். பொயிட்ஸ்–ஜெகர்ஸ் நோயில் எஸ்.டி.கே.11 மரபணு, இளம்பருவ பாலிபோசிஸில் எஸ்.எம்.ஏ.டி.4 அல்லது பி.எம்.பி.ஆர்.1ஏ. அழற்சி நார்த்திசு பாலிப் சளிச்சவ்விலிருந்து வருவதே இல்லை. அதற்கு அடியில் உள்ள படலத்தில் பிறந்து, மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. 1949-இல் யோசப் வானெக் இதை விவரித்தபோது வெறும் அழற்சி வீக்கம் என்றே கருதினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் எழும் உண்மையான கட்டி, ஆனால் தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. பெயரில் மட்டும் ‘அழற்சி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வேறுபாடுகளிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அழற்சியால் வளர்ந்தது என்றால் அழற்சியைத் தணித்தால் சுருங்கக்கூடும். மரபணுவால் வந்தது என்றால் ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று வரும். அடிப்படலத்தில் பிறந்தது என்றால் மேலே கிள்ளிய பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘பயாப்ஸி சாதாரணம்’ என்ற வரியைப் படித்து நிம்மதியாக வீடு திரும்பியவர்கள், அந்த ஊசிமுனைத் துணுக்கு எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்பது நல்லது.

ஒரே கட்டி, மூன்று கதைகள்

அக்காவுக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி. பழைய பெயர் கார்சினாய்டு. அந்தப் பெயரில் பாதி புற்றுநோய் ஒலிப்பதால் முதலில் நடுங்கிப்போனோம். இதில் மூன்று வகைகள் உண்டு. குழாயில் பார்த்தால் ஒன்றுக்கொன்று அதிகம் வித்தியாசம் தெரியாது. நுண்ணோக்கியில்கூடக் கட்டியை மட்டும் பார்த்தால் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இவற்றுக்கான முடிவுகள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் இருக்கின்றன. அதனால் இதை மட்டும் சற்று விரித்து எழுதுகிறேன்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஜி செல்கள் உள்ளன. அவை கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அமிலம் சுரக்கச் சொல்லும் கட்டளை அது. அமிலம் போதுமான அளவு வந்ததும் கேஸ்ட்ரின் அடங்கிவிடும். முதல் வகையில் நடப்பது இதுதான்: உடலின் எதிர்ப்பாற்றல் இரைப்பையின் அமிலச் செல்களையே எதிரியாக எண்ணி அழித்துவிடுகிறது. அமிலம் இல்லை. ஆன்ட்ரமோ இன்னும் அமிலம் வரவில்லையே என்று கேஸ்ட்ரினைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டளையைக் கேட்க மிஞ்சியிருப்பவை ஈ.சி.எல். எனப்படும் செல்கள். அவை இரவும் பகலும் தூண்டப்பட்டு, பெருகி, ஆண்டுக்கணக்கில் சிறு முடிச்சுகளாகி, ஒரு நாள் பாலிப்பாகத் தெரிகின்றன. இரைப்பையில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை இந்த வகைதான். பெரும்பாலும் சிறியவை, பல எண்ணிக்கையில் வருபவை, மெதுவாக வளர்பவை. 1 செ.மீ.க்கு உட்பட்டவை வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அரிது.

இரண்டாம் வகையிலும் கேஸ்ட்ரின் மிக அதிகம். ஆனால் அது வருவது கணையத்திலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ உள்ள வேறொரு கட்டியிலிருந்து. அங்கே அமிலச் செல்கள் உயிரோடு இருப்பதால் அமிலம் பெருக்கெடுக்கும். புண்களும் வயிற்றுப்போக்கும் வரும். இரைப்பை பாலிப்பை எடுத்துவிட்டு ஓய்ந்தால் மூலம் அப்படியே இருக்கும்.

மூன்றாம் வகையில் கேஸ்ட்ரின் சாதாரணம். சுற்றுச்சுவரும் ஆரோக்கியமாக இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு கட்டி. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தானாக முளைத்தது. ஆபத்தானது இதுதான். நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் பரவும் வாய்ப்பு கணிசமாக இருப்பதால், இரைப்பையின் ஒரு பகுதியை நிணநீர் முடிச்சுகளோடு அகற்றும் அறுவைதான் இதற்கு வழக்கமான சிகிச்சை. மிகச் சிறியதாக, மெதுவாகப் பெருகுவதாக இருந்தால் மட்டும், தேர்ந்தெடுத்த சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுப்பதை இப்போது பரிசீலிக்கிறார்கள்.

எனவே அமிலச் செல்கள் அழிந்து சுற்றியுள்ள சுவர் நைந்திருந்தால் நல்ல செய்தி, நலமாக இருந்தால் கெட்ட செய்தி! இந்த முரண்தான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. எந்த வகை என்று கண்டுபிடிக்க வெறும் வயிற்றில் கேஸ்ட்ரின் ரத்தப் பரிசோதனை, இரைப்பை நீரின் அமிலத்தன்மை, தன்னெதிர்ப்புப் பொருள்களுக்கான ரத்தப் பரிசோதனை, ஆன்ட்ரத்திலிருந்தும் இரைப்பையின் நடுப்பகுதியான உடற்பகுதியிலிருந்தும் தனித்தனிக் குப்பிகளில் பயாப்ஸி ஆகியவை போதும். 1994-இல் திருத்தப்பட்ட சிட்னி முறை ஐந்து இடங்களிலிருந்து எடுக்கச் சொல்கிறது: ஆன்ட்ரத்தில் இரண்டு, இடையிலுள்ள வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளே கேஸ்ட்ரினை உயர்த்தும். மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் மூன்றாம் வகைகூட முதல் வகைபோலத் தோன்றக்கூடும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

அக்காவுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்துக் குறைவு இருந்தது. மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. சோர்வுக்கும் வயிற்று மந்தத்துக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையையே கொடுத்துவந்தார்கள். அமிலமே சுரக்காத இரைப்பைக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து! இரும்பு உடலில் சேர அமிலம் தேவை. பி12 சேர அதே செல்கள் சுரக்கும் புரதம் தேவை. இரண்டும் குறைந்திருந்ததைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பாலிப்புக்கு முன்பே நோய் தெரிந்திருக்கும். இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

நான்கு வழிகள்

முதல் வழி, காரணத்தைத் தாக்குவது. வெட்டாமல் முடிந்தால் அதைவிட நல்லது இல்லை என்பதால் இதை முதலில் வைக்கிறேன். ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்புடன் ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தால், கிருமியை ஒழித்தாலே பலருக்குப் பாலிப் சுருங்குகிறது அல்லது மறைகிறது. ஜப்பானில் 1998-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கிருமி ஒழிந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சுமார் ஒன்றேகால் ஆண்டுக்குள் பாலிப்கள் மறைந்தன. எனவே பெரிதாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ இல்லாதபோது, கிருமிக்குச் சிகிச்சை கொடுத்து, சில மாதம் பொறுத்து மறுபடியும் பார்ப்பது அவசரப்பட்டு வெட்டுவதைவிடச் சிறந்தது. நீண்டகாலம் அமிலக் குறைப்பு மாத்திரை எடுத்ததால் வந்த ஃபண்டிக் சுரப்பி பாலிப்களும் மாத்திரையை நிறுத்தினால் குறையலாம். ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ ஆஸ்பிரினோ எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரை புண் வராமல் காக்கிறது. பாலிப்பைப் பார்த்துப் பயந்து அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இந்த வழியின் முழு வலிமையைக் காட்டுவது குரோன்கைட்–கனடா நோய். 1955-இல் விவரிக்கப்பட்ட மிக அரிய நோய் இது, பரம்பரையாக வருவதில்லை, பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் தாக்குகிறது. இரைப்பையிலும் குடலிலும் கணக்கில்லாப் பாலிப்கள் வரும். கூடவே முடி கொட்டும், நகம் சிதையும், தோல் கருக்கும், சுவை போகும், வயிற்றுப்போக்கு நிற்காது. எத்தனை பாலிப்களைத்தான் எடுக்க முடியும்? இங்கே உயிரைக் காப்பது ஸ்டீராய்டு மருந்தும் ஊட்டச்சத்தும்தான். மருந்து கேட்கும்போது பாலிப்களும் சுருங்குவதுண்டு. இந்த நோயுள்ளவரின் நகத்தையும் தலையையும் பார்க்காமல் இரைப்பையை மட்டும் பார்ப்பவர் நோயையே தவறவிடுவார்.

காரணத்தைத் தாக்கும் வழி முதல் வகை நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. இறந்த அமிலச் செல்களை மீட்கும் மருந்து இல்லை. கேஸ்ட்ரினை அடக்கும் சொமாட்டோஸ்டாட்டின் வகை ஊசிகள் கட்டிகளைச் சுருக்கக்கூடும். ஆனால் நிறுத்தினால் கேஸ்ட்ரின் திரும்ப ஏறும் என்பதால் அதை வாழ்நாள் முழுதும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பலவாகப் பெருகி, எடுக்க எடுக்க வருபவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

இரண்டாம் வழி, பார்த்துக்கொண்டிருப்பது. ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ என்று இதை மொழிபெயர்த்துக்கொள்பவர்கள் தவறு செய்கிறார்கள். ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒரு முறை என்று குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோப்பி, அளவுக் குறிப்பு, படங்கள், பயாப்ஸி எல்லாம் சேர்ந்ததே கண்காணிப்பு. 1 செ.மீ.க்கு உட்பட்ட முதல் வகைக் கட்டிகளுக்கும், சிறிய ஃபண்டிக் சுரப்பி பாலிப்களுக்கும் இது தகும். இதன் விலை மனத்தில் ஏறும் பாரம். ஒவ்வொரு முறையும் நாள் நெருங்க நெருங்க அக்கா பேசுவது குறைந்துவிடும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இரைப்பைச் சுவர் நைந்தவர்களுக்கு, பாலிப் இருந்தாலும் எடுத்துவிட்டாலும், புற்றுநோய் வாய்ப்புக்காகக் கண்காணிப்பு தொடரவே வேண்டும். ‘எடுத்துவிட்டால் இனி குழாய் வேண்டாம்’ என்ற நம்பிக்கையில் அறுவையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் வழி, எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுப்பது. காம்பு உள்ளவற்றைக் கம்பிச் சுருக்கு போட்டு, இறுக்கி, மின்சாரத்தால் துண்டிப்பார்கள். தட்டையாக இருந்தால் அடியில் ஊசி மூலம் நீர் ஏற்றி, மேட்டை உயர்த்தி, சுருக்குப் போடுவார்கள், இதை இ.எம்.ஆர். என்பார்கள். 1990-களின் பிற்பாதியில் ஜப்பானில் வளர்ந்த இ.எஸ்.டி. முறையில், கட்டியைச் சுற்றிப் புள்ளிகள் இட்டு, வட்டமாக வெட்டி, அடிப்படலத்தைச் சிறு கத்தியால் உரித்து, முழுதாக ஒரே துண்டாக எடுக்கிறார்கள்.

சுருக்குப் போடுவது விரைவு, எளிது, ஆபத்து குறைவு. இ.எஸ்.டி.க்கு நேரமும் திறமையும் வேண்டும். ரத்தக்கசிவும் இரைப்பையில் ஓட்டை விழுவதும் அதில் அதிகம். பிறகு ஏன் அந்தச் சிரமம்? ஒரே துண்டாக எடுத்தால்தான் நோயியல் மருத்துவர் விளிம்பைப் பார்த்து ‘முழுதும் வந்துவிட்டது’ என்று சொல்ல முடியும். துண்டு துண்டாக எடுத்தால் விளிம்பே இருக்காது. நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் சளிச்சவ்வின் ஆழத்தில் பிறந்து அடிப்படலத்துக்குள் இறங்குபவை. வெறும் சுருக்குப் போட்டால் அடி விளிம்பில் கட்டி மிஞ்சிவிடக்கூடும். எனவே 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு இ.எஸ்.டி.யோ, உறிஞ்சித் தூக்கி எடுக்கும் வகை இ.எம்.ஆரோ செய்யத் தெரிந்தவரிடம் போவது, தொலைவாக இருந்தாலும், பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

அடினோமா எந்த அளவில் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அதில் தயக்கத்துக்கு இடமில்லை. 2 செ.மீ. தாண்டினால் உள்ளே புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நன்றாக உயர்கிறது. கிள்ளிய துணுக்கில் அது அகப்படாமல் போகலாம். முழுதாக எடுப்பதே இங்கே சிகிச்சை, அதுவே சரியான பரிசோதனையும். பைலோரிக் சுரப்பி அடினோமாவும் அப்படித்தான். பெயரைப் பார்த்தால் இரைப்பையின் கீழ்வாயில் வரும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலும் உடற்பகுதியில், தன்னெதிர்ப்பால் நைந்த சுவரில், வயதான பெண்களுக்கு அதிகம் வருகிறது. கணிசமானவற்றில் புற்றுநோய்க்கு முந்திய கடும் மாற்றங்கள் காணப்படுவதால் பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. அழற்சி நார்த்திசு பாலிப்பை ஒரு முறை முழுதாக எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஆன்ட்ரத்தில் வளர்ந்து வழியை அடைத்தால் மட்டும் அவசரம்.

நான்காம் வழி, அறுவை. முதல் வகைக் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் ஆன்ட்ரத்தை மட்டும் அகற்றிக் கேஸ்ட்ரினின் ஊற்றையே அடைப்பது ஒரு வழி. பலருக்கு அது பலித்திருக்கிறது. ஆனால் எண்டோஸ்கோப்பி முறைகள் வளர்ந்த பின் அதற்கான தேவை சுருங்கிவிட்டது. முழு இரைப்பையையும் அகற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு: 2012-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கேப்ஸ் என்ற பரம்பரை நோய். இதில் ஆன்ட்ரத்தை விட்டுவிட்டு, மேற்பகுதியும் உடற்பகுதியும் நூற்றுக்கு மேற்பட்ட பாலிப்களால் விரிப்புபோல மூடப்பட்டிருக்கும். ஏ.பி.சி. மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் ஏற்படும் மாற்றம் காரணம். அந்தக் கம்பளத்தில் எந்தப் பாலிப்பில் புற்றுநோய் தொடங்கியது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாததால், முன்கூட்டியே இரைப்பையை அகற்றும் யோசனை எழுகிறது. இரைப்பை இல்லாமல் வாழ முடியும். ஆனால் சிறுகச் சிறுகப் பலமுறை சாப்பிட வேண்டும், எடை குறையும், சாப்பிட்ட பின் படபடப்பும் மயக்கமும் வரலாம், பி12 ஊசி வாழ்நாள் முழுதும். இந்த முடிவை மரபணு ஆலோசனை இல்லாமல் எடுக்கவே கூடாது. ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி போகிறது.

பொயிட்ஸ்–ஜெகர்ஸ் நோயில் இரைப்பைப் பாலிப்புகளைப் பற்றிய கவலையே சில சமயம் கவனத்தைத் திசைதிருப்பிவிடும். உதட்டிலும் வாயினுள்ளும் கரும்புள்ளிகள் உள்ள ஒருவருக்கு, உடனடி ஆபத்து சிறுகுடல் பாலிப் குடலையே மடித்து உள்ளிழுத்துக்கொள்வதில் இருக்கிறது. இரைப்பையைச் சுத்தம் செய்துவிட்டு, சிறுகுடலை யாரும் பார்க்காமல் விட்டால் என்ன பயன்?

அக்கா என்ன முடிவெடுத்தார்

இரண்டாவது எண்டோஸ்கோப்பியில் ஐந்து பாலிப்கள் இருந்தன. நான்கு 5 மி.மீ.க்கும் சிறியவை, ஒன்று 1.2 செ.மீ. கேஸ்ட்ரின் மிக உயரம், இரைப்பை நீரில் அமிலம் இல்லை, உடற்பகுதிச் சுவர் நைந்திருந்தது, ஆன்ட்ரம் நலமாக இருந்தது. முதல் வகை. செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.67 அளவு 3 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது முதல் தரம். அடுத்து எண்டோஸ்கோப்பி வழியான அல்ட்ராசவுண்டில் பெரிய கட்டி தசைப் படலத்தைத் தொடவில்லை என்று பார்த்தார்கள். ஆன்ட்ரத்தை அகற்றும் வழியையும் மருத்துவர் எடுத்துச் சொன்னார். அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அதை எடுத்துவிட்டால் வருடாவருடம் குழாய் வேண்டாமா?” வேண்டும் என்றார் மருத்துவர், சுவர் நைந்தது நைந்ததுதான் என்றார். அப்படியென்றால் இருப்பதை இருக்கவிடுங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார்.

பெரியதை மட்டும் இ.எஸ்.டி. மூலம் ஒரே துண்டாக எடுத்தார்கள். விளிம்பில் கட்டி இல்லை. சிறிய நான்கும் இருக்கின்றன. அமிலக் குறைப்பு மாத்திரை நின்றது. பி12 ஊசியும் நரம்பு வழியாக இரும்பும் தொடங்கின. இரண்டு மாதத்தில் அவர் மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பதை விட்டுவிட்டார். அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கோப்பின் முதல் தாளில் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘ஆன்ட்ரம், வளைவு, உடற்பகுதி: தனித்தனிக் குப்பிகளில்.’